பாசி விற்ற உயரம்

செடியும் கல்லும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கடலோரப் பாறையில் பாசி முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. பக்கத்து இடுக்கில் பெரணிச்செடி. இருவரும் அக்கா தங்கையாகப் பழகினார்கள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கடல் பின்வாங்கியது. கரையில் ஒரு நண்டுகூட அசையவில்லை. பிறகு அலை நுரைத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. நுரைக்குள் உப்பு வந்தது.

உப்பு சந்தையில் மாட்டுக்கு விலை பேசும் தரகன் மாதிரி. நுரையைத் தோள்துண்டு போல மேலே போட்டு மூடி, அடியில் கை நீட்டும். எதிராளியின் கையில் எத்தனை விரலைப் பிடிக்கிறதோ அதுதான் விலை. பேரம் படியும்வரை அதை வாயால் சொல்லக் கூடாது.

முதலில் பெரணி. கை பட்டதுமே அது நடுங்கி, "அண்ணாச்சி, என்ன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டது. பேரத்துக்கு உட்கார்ந்தவள் பேசுகிற பேச்சா அது? உப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. பாசியின் கண்முன்னே பெரணி நுனியிலிருந்து அடிவரை கருகிச் சரிந்தது.

உப்பு திரும்பியது. "உனக்கு வேரும் கிடையாது. உடம்பு பூரா வாய். நான் நுழைய எத்தனை வாசல், பாத்தியா?"

பாசியின் மடியில் இளந்துளிர்கள் ஒடுங்கிக் கிடந்தன.

நுரைத் துண்டுக்குள் உப்பு பாசியின் ஐந்து விரலையும் வளைத்துப் பிடித்தது. அத்தனையும் வேண்டுமாம். பாசி மூன்றை உருவிக்கொண்டு இரண்டை மட்டும் விட்டது. மறுபடி ஐந்து. மறுபடி இரண்டு. தோல் எரிந்தது. பாசி வாய் திறக்கவில்லை.

"சரி, ரெண்டு. எந்த ரெண்டு?"

"உடம்புத் தண்ணி. என் உயரம்."

"தண்ணி போனா செத்துருவியே."

"சாகுறது என் பாடு, அண்ணாச்சி. கையை எடுங்க."

கை பிரிந்தது. பாசி கடைசிச் சொட்டுவரை பிழிந்து கொடுத்து, துளிர்களை உள்ளே வைத்துச் சுருண்டு கறுத்தது. உப்பு தடவிப் பார்த்தது. ஒரு வாசலும் திறந்திருக்கவில்லை. உறிஞ்ச ஈரமும் இல்லை. போய்விட்டது.

பல நாள் கழித்து மழை விழுந்தது. பாசி மெல்ல விரிந்தது. ஒட்டியிருந்த உப்பை முதலில் வெளியே தள்ளியது. பிறகுதான் அதற்கும் மடியிலிருந்த துளிர்களுக்கும் பச்சை வந்தது. ஆனால் உயரம் ஒரு விரற்கடைதான்.

அலைக்குள்ளிருந்து உப்பின் குரல் கேட்டது. "பிழைச்சிட்டியா?"

"பேசினதைக் கொடுத்தேனா இல்லையா?"

"கொடுத்தே. நான் வரும்போதெல்லாம் கொடுக்கணும். மழை வராத வருஷம் பாத்துக்கிடுவோம்."

அன்று முதல்தான் உப்புக்காற்று அடித்தால் பாசி செத்ததுபோல் சுருண்டு கொள்கிறது, மழை பட்டால் பச்சையாகிறது, விரற்கடைக்கு மேல் தலை தூக்குவதில்லை. சுருளும் ஒவ்வொரு முறையும், அடுத்த மழை வருமா என்று அதற்குத் தெரியாது.