புது மடத்தின் முதல் பந்தி

கலியபெருமாளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி முடித்தாயிற்று. மாலையில் திறப்பு விழா. மேளக்காரர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

அவர் அரசாங்க ஓடத்துறையின் அதிகாரி. பாலம் திறந்த கையோடு ஓடத்துறையைக் கலைத்துவிடும்படி ராஜா சொல்லியிருந்தார். அதையும் ஓடக்காரர்களின் புது வேலை ஏற்பாட்டையும் தண்டோரா போடுவதற்குள் குருவிடம் ஆசி வாங்கிவிட வேண்டுமென்று ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்திலும் அன்று விசேஷம்தான். பழைய மடத்தை ஆறு அரித்துவிட்டதால் மேட்டில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அங்கே முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, பாலம் முடிஞ்சிடுச்சு!"

"சந்தோஷம். ஓடக்காரங்க?"

இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் கலியபெருமாள் துடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரையும் கைவிடலை சாமி. அத்தனை பேருக்கும் பாலத்துக் காவல்ல வேலை போட்டுட்டேன்!"

"தலைமை ஓடக்காரர் வெள்ளையனுக்கு?"

"அவருக்கும்தான். ஆனா எல்லாரும் இன்னிக்குப் புதுசா சேர்ந்த மாதிரிதான். இது புதுத் துறை பாருங்க, பழைய உழைப்பு இதுல சேராது."

"அவர் என்ன சொன்னார்?"

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். வேலை கொடுத்தும் குறைப்பட்டா நான் என்ன பண்றது?"

குரு பந்திக்கு எழுந்தார்.

அந்த மடத்துப் பந்திக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சேர்ந்த சீடர் குருவுக்குப் பக்கத்தில். புதிதாக வந்தவர் கடைசி இலையில். ஒரு வருஷம் போகும்வரை கடைசி இலைக்காரர் குருவிடம் வாய் திறக்கக் கூடாது. முதல் சீடரான கலியபெருமாளுக்கு எப்போதும் முதல் இலைதான். போய் உரிமையோடு உட்கார்ந்தார்.

"யாரப்பா நீ?" என்றார் குரு.

கலியபெருமாள் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

"கடைசி இலைக்குப் போ. இன்னிக்குச் சேர்ந்தவங்களுக்கு அங்கேதான் இடம்."

"சாமி! இருபது வருஷமா உங்க கூடவே இருக்கேன். வெள்ளம் வந்தப்போ உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்தது யாரு?"

"அதெல்லாம் பழைய மடத்துல. அதை நேத்தே மூடியாச்சு. அப்புறம், கடைசி இலைக்காரங்க என்கிட்ட பேசக் கூடாது."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கலியபெருமாளால் ஆத்திரத்தை அடக்க முடியவில்லை.

"மடம்தானே மாறிச்சு? நான் மாறலையே!" என்று எழுந்து நின்று கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் தன் வார்த்தை தனக்கே உறைத்தது.

ஆற்றங்கரையில் தண்டோராக்காரர் பறையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வாசலைத் தாண்டப் போனவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பினார்.

"சாமி, நான் வந்தா எனக்கு எந்த இலை?"

"வெள்ளையனுக்கு நீ எந்த இடம் கொடுத்தேன்னு வந்து சொல்லு. அப்புறம் உனக்கு இலை போடுறேன்."