வழி எழுதிய படம்

அடுத்து எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கத்தான் இளம்பரிதி அன்று செங்கமலம் டீச்சரிடம் வந்தான்.

அவனுக்குத் திண்டுக்கல்லில் டைல்ஸ் கடை. நாற்பதைத் தாண்டியவன். கடையைத் தம்பி பார்த்துக்கொள்ள, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இவன் கேமராவோடு மலை ஏறிவிடுவான். டீச்சரிடம் படம் எடுக்கக் கற்க வந்தவர்களில் பாதிப்பேர் கேமரா வாங்கியதோடு நின்றுவிட்டார்கள். மீதிப்பேர் கேமராவைப் பற்றிப் பேசுவதோடு நின்றுவிட்டார்கள். விடாமல் வந்தவன் இவன்.

செங்கமலம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் அல்ல. சிறு பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். வேலைநிறுத்தம், ஊர்வலம், தடியடி, அதற்குப் பிறகு நடக்கும் அடக்கம். மாடியறைச் சுவரில் அவர் மாட்டியிருந்த படங்கள் எல்லாவற்றிலும் கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மாணவர்கள் அந்த அறைக்கு முதுகு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் இப்படி என்று பரிதி ஒருதரம் கேட்டான். முதுகுக்குப் பவுடர் பூச வேண்டியதில்லை என்றார் டீச்சர். அவன் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று மேஜைமேல் இரண்டு கேமராக்களின் விளக்கத்தாள்களை விரித்தான். ஒன்று கனம். ஆனால் ஆள் நகர்ந்தாலும் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். மற்றது இலேசு, மலையேற வசதி. எதை எடுத்தாலும் லென்ஸ் நீளமாக இருக்க வேண்டும் என்றான். நீளம் கூடினால், எடுப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

“இப்ப இருக்கறதுக்கு என்ன குறை?” என்றார் டீச்சர்.

“கண்ணு ஷார்ப்பா வரல டீச்சர். எங்க குரூப்புல ஒருத்தர் சொல்லிட்டார்.”

போனை நீட்டினான்.

மலையில் ஒரு முற்றம். தார்ப்பாயில் சிவப்புக் காப்பிப்பழம் காய்கிறது. அதன் ஓரத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையை அப்போதுதான் முகத்திலிருந்து இறக்கியிருக்கிறாள். சாயங்கால வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. நல்ல படம். டீச்சர் அதை மறுக்கவில்லை.

படத்தின் அடியில் ஒரு பத்தி எழுதியிருந்தான். எந்த பஸ், எங்கே இறங்குவது, குருந்தோடைக்குப் பிரியும் பாதை, அங்கே இருக்கும் ஒரே டீக்கடை, டீக்கடைக்காரரின் போன் நம்பர், வரைபடத்தில் குத்திய புள்ளி. மலைப்படம் போடுகிற அந்த இணையக் குழுவின் சட்டம் அது. வழி எழுதாத படத்தை அவர்கள் ஏற்பதில்லை. நல்ல இடத்தைக் கண்டவன் அதைத் தனக்கென்று ஒளித்துவைக்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. கொள்கை என்பது ஒரு காலத்தில் உயிரைக் கொடுத்தவர்கள் வைத்திருந்த சொல். இப்போது சுற்றுலா போகிறவர்களிடமும் இருக்கிறது. மலைக்குப் போகிற இவர்களுக்கு, மலையில் இருக்கும் மனிதர்களும் மலைதான்.

“கேட்டு எடுத்தீங்களா?”

பரிதி கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னான். கேமராவைக் கண்டதும் அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரன் வந்து, படம் வேண்டாம் சார் என்று கும்பிட்டான். சரி தம்பி என்று சொல்லிவிட்டு இவன் நடந்தான். பாதை வளைவில் ஒரு புதர் இருந்தது. அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கொசு பிடுங்கியது, கால் மரத்துப்போனது, அசையவில்லை. ஆள் போய்விட்டான் என்று நம்பி அவள் முந்தானையை இறக்கினாள்.

“காத்திருக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?” என்றான். அவன் எதிர்பார்த்தது ஒரு பாராட்டு.

டீச்சர் போனைத் திருப்பித் தரவில்லை.

“அவ ஏன் மூடிக்கிட்டா?”

“வெக்கம்தான். மலைச்சனம், கேமரான்னா பயம்.”

“மலைக்காரி வெயிலுக்குத்தான் தலையில துணி போடுவா. ஆளைக் கண்டு முகத்தை மூடறவ கீழேருந்து வந்தவ.”

டீச்சர் படத்துக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படிக்கத் தொடங்கினார். அருமை. கவிதை. வனதேவதை. இந்த இடத்துக்கு வேன் போகுமா? அதற்கும் கீழே ஒருவர், கண் ஷார்ப்பாக இல்லை அண்ணே, பெரிய சைஸ் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அவருடைய முகப்புப் படத்தில் ஒரு சிங்கம். பெயரோடு சாதியும் இருந்தது. பரிதி அவருக்குத் தனிச் செய்தியில் அசல் படத்தையே அனுப்பியிருந்தான். எடுத்த நேரமும் இடமும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். ரொம்ப நன்றி அண்ணே, இப்போது தெளிவாகத் தெரிகிறது என்று பதில் வந்திருந்தது.

“உங்க கேமராவைக் குறை சொன்னவர் இவர்தானா?”

“ஆமா டீச்சர். விஷயம் தெரிஞ்சவர் போல.”

“எப்ப அனுப்பினீங்க?”

“நேத்து சாயங்காலம்.”

டீச்சர் எழுந்தார். பத்தியில் இருந்த டீக்கடை நம்பருக்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டார். கிடைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு, அந்தப் படத்தை உடனே எடுக்கச் சொன்னார். பரிதி தயங்கினான். இந்த மாதத்தின் சிறந்த படத்துக்கு ஓட்டு நடக்கிறது, தன் படம் முன்னால் நிற்கிறது, நாளைக்கு முடிந்துவிடும், அப்புறம் எடுத்துவிடுகிறேனே என்றான்.

டீச்சர் மேஜைமேல் கிடந்த அவனுடைய கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

வண்டியை டீச்சர்தான் ஓட்டினார். வழியில் சந்தேகத்தைச் சொன்னார். அந்தப் பெண் யாரிடமிருந்தோ ஒளிந்திருக்கிறாள், அந்த யாரோ இப்போது வழி தெரிந்துகொண்டுவிட்டார்கள் என்றார். பரிதி அப்போதும் நம்பவில்லை. எல்லாவற்றிலும் போராட்டத்தைப் பார்த்தே பழகிவிட்டீர்கள் டீச்சர் என்று சிரிக்க முயன்றான். ஆனாலும் படத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

குருந்தோடையில் டீக்கடைக்கு முன்னால் ஊரே நின்றது. அடுப்பு அணைந்திருந்தது.

டீக்கடைக்காரர் பரிதியை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு இன்னும் காரணம் தெரியாது. காலையில் ஒரு வண்டி வந்தது என்றார். கண்ணியமான உடுப்பு, கண்ணியமான பேச்சு. டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“உங்க ஆளுங்கன்னு நெனச்சேன் சார். உங்கள மாதிரியே போனைப் பாத்துக்கிட்டே வந்தாங்க. யார்கிட்டயும் வழி கேக்கல.”

படம் வேண்டாம் என்று கும்பிட்ட தேவஇரக்கம் ஓடைப் பாறையில் கிடந்தான். மேலே சாக்குப் போர்த்தியிருந்தது. அவனும் அவன் மனைவி பிரமசக்தியும் போன மழைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். தோட்டத்தில் பழம் பறித்தார்கள். இரண்டு பேரும் எந்த சாதி என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு மலைக்குப் போயிருப்பார்கள். அந்தப் பெண்ணை மட்டும் காணவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். திரும்பிய வண்டியில் பெண் இல்லை என்றார்கள் சிலர்.

பரிதி ஓடைப்பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றான். டீச்சர் அவனைப் பாதை வளைவிலேயே நிற்கச் சொன்னார். தான் மட்டும் முற்றத்துக்குப் போனார்.

காப்பிப்பழம் தார்ப்பாயில் அப்படியே இருந்தது. காலையிலிருந்து யாரும் புரட்டவில்லை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கையால் பழத்தைப் புரட்டிப் பரப்பினார். யாரையும் கூப்பிடவில்லை. புரட்டிக்கொண்டே இருந்தார். வெயில் தார்ப்பாயை விட்டு இறங்கிப்போனது. காப்பிச்செடிகளுக்குள்ளிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். கை முழுவதும் கீறல். விறகுக்குப் போனவள், சத்தம் கேட்டு அங்கேயே ஒடுங்கிவிட்டாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

டீச்சர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. வளைவில் நின்றவனைப் பார்த்தாள்.

“அன்னா நிக்காருல்லா, அவருகிட்ட எங்க வீட்டுக்காரங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க,” என்றாள்.

பாறை வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. கழுத்திலும் தோளிலும் இருந்த வெட்டுகளையும் பாறையே வெட்டியது. வந்த வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் மறுநாளே பார்க்காதவர்கள் ஆனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டவர்கள் சீருடையில் இருந்தார்கள். டீச்சர் பிரமசக்தியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இதைப் பரிதியிடம் சொல்லவில்லை.

மலையிறங்கியதும் குழுவிலிருந்து படம் நீங்கிவிட்டது. அதற்குள் பலர் அதைச் சேமித்து வைத்திருந்தார்கள். குழு அந்தப் படத்துக்கே பரிசு கொடுத்தது. இரங்கல் தெரிவித்து ஒரு பத்தியும் போட்டார்கள். அதன் கீழே ஒருவர், இப்போது குருந்தோடைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். போலீஸ் நிற்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று இன்னொருவர் வழி சொல்லியிருந்தார்.

பதினாறு நாள் கழிந்த பிறகு பரிதி மாடிக்கு வந்தான். சவரம் செய்திருக்கவில்லை. கேமராவைத் தொடுவதே இல்லை என்றான். விற்றுவிடப் போவதாகச் சொன்னான். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தான்.

“அழிச்சாலும் திரும்ப எடுத்துடறாங்களாம் டீச்சர். யாராலும் எடுக்க முடியாதபடி அழிக்கறது எப்படி?”

“எதை?”

“எல்லாத்தையும். போன்ல இருக்கற படம், அவருக்கு அனுப்பின மெசேஜ், அவர் போட்ட பதில்.”

“இன்னும் அழிக்கலையே?”

“இல்ல. உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு.”

டீச்சர் உள்ளறைப் பக்கம் திரும்பி, வாம்மா என்றார். பிரமசக்தி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பரிதி எழுந்துவிட்டான். டீச்சர் அவனை உட்காரச் சொன்னார்.

விஷயத்தை டீச்சர் சுருக்கமாகச் சொன்னார். சிங்கத்தை முகப்பில் வைத்திருந்தவன் பிரமசக்தியின் தாய்மாமன் மகன். அவளைக் கட்டிக்கொடுப்பதாகப் பேசிவைத்திருந்தது அவனுக்குத்தான். அவன் படம் கேட்டதும், பரிதி அனுப்பியதும், தெளிவாகத் தெரிகிறது என்று அவன் சொன்னதும் கையில் இருந்தால் கோர்ட்டில் கொலை என்று பேச முடியும் என்கிறார் வக்கீல். ஆனால் போனை மட்டும் கொடுத்தால் போதாது. பரிதி கூண்டில் ஏறி, இவன் கேட்டான், நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொன்றது பாறைதான்.

பரிதி மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினான். தம்பி இதில் தலையிடவே கூடாது என்று சொல்லிவிட்டான். கடை இருக்கிற தெருவில் அவர்கள் சாதி ஆட்கள் நிறைய. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். படம் கேட்ட அந்தப் பையனின் பெயர்கூடச் சரியாக நினைவில்லை என்றான். சொல்லி முடிக்கும் முன்பே அவன் குரல் இறங்கிவிட்டது.

“பேரு நான் சொல்லுதேன்,” என்றாள் பிரமசக்தி. “நீங்க அனுப்புனதை மட்டும் சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை வேண்டாம்.”

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. மூடாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பரிதி அவளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் வேணும்னு செஞ்சதில்லையே டீச்சர்.”

“இல்ல.”

“ஒரு படம்தானே போட்டேன். எல்லாரும் போடறதுதானே?”

“எல்லாரும் போடறதுதான்.”

அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

“நான் கோர்ட்டுல ஏறினா என் பேரு வெளியே வரும். போட்டோ வரும். கடை எங்க இருக்கு, வீடு எங்க இருக்கு, எந்த பஸ்ஸுல வரணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். அவனுங்க விடுவானுங்களா? அப்புறம் பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போய் ஒளியறது டீச்சர்?”

“இவளைக் கேளுங்க,” என்றார் டீச்சர். “நல்ல இடம் ஒண்ணு பார்த்து வச்சிருந்தா.”