பந்திக்கு முன், பந்திக்குப் பின்

கல்வியியல் துறைத் தலைவர் திருவேங்கடநாதன் தலையசைக்காமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் முனைவர் ஆனதில்லை. முத்துப்பேச்சியின் வாய்மொழித் தேர்வன்று அவர் ஆய்வேட்டைத் தள்ளி வைத்தார்.

"பரீட்சை பயத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் செஞ்சிருக்கே. அதே பிள்ளைங்க பரீட்சைக்கு முன்னால ஒண்ணு சொல்லுது, முடிஞ்சதும் வேற சொல்லுது. நம்பகமில்லாத கருவிம்மா இது. ரெண்டு பதிலும் ஒண்ணாகட்டும், அப்புறம் பட்டம்."

ஏழு வருட உழைப்பு. முத்துப்பேச்சி ஒரு துண்டுத்தாளை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"சரிங்க ஐயா. சாப்பிடப் போகுமுன்ன ஒரே கேள்வி. இப்ப பசி எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எழுதிக் குடுங்க."

"காலையிலேர்ந்து பட்டினி" என்று அவர் ஐந்து போட்டார்.

வழக்கப்படி விருந்து அவள் செலவு. தலைவர் இலையில் பிரியாணி மூன்று முறை விழுந்தது. கைகழுவி வந்தவரிடம் அதே கேள்வியை நீட்டினாள். ஏப்பத்தோடு ஒன்று என்று எழுதினார்.

"முன்னே அஞ்சு, பின்னே ஒண்ணு. என் கேள்வி நம்பகமில்லாததா ஐயா, இல்லை உங்க பசி தீர்ந்துபோச்சா?"

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே தேர்வு அறிக்கையில் கையெழுத்திட்டு, பேனாவைத் தலைவரிடம் நீட்டினார். "பிள்ளைகளுக்கும் பயம்தான் தீர்ந்திருக்கு சார். போடுங்க."

போட்டார். அந்தக் கையெழுத்தில் இன்றும் நெய் மணக்கும்.