வாயு பிடித்த இடம்

அன்னத்தாய்க்கு ராத்திரி டூட்டி முடிந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. மாற்று ஆள் வரவில்லை. மனநல வார்டின் எட்டாவது கட்டிலருகே போர்வையை மடித்தபடியே, நின்றுகொண்டு தூங்கினாள். பதினாறு வருஷ ஆயாவுக்குக் கைவந்த வித்தை அது.

அந்தக் கட்டிலில் இருந்தவள் வடிவு. இரண்டு மாதமாக அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை. மயக்கம் கொடுத்து மூளைக்கு மின்சாரம் வைக்கும் சிகிச்சை இரண்டு தடவை ஆனபிறகு, நேற்றுத்தான் புருஷனைப் பார்த்து, "சவரம் பண்ணலையா?" என்று கேட்டாள். வேலாயுதம் பாத்ரூமுக்குள் போய் அழுதான். அப்படியே சவரமும் பண்ணிக்கொண்டு வந்தான்.

இன்று மூன்றாவது தடவை. விடிந்ததும் வடிவு இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "வாயு பிடிச்சிருக்கு" என்றாள். ஃபேனடியிலும் அவளுக்கு வியர்த்திருந்தது. வேலாயுதம் அரை டம்ளர் ஓமத்தண்ணி கொடுத்தான். அப்புறம்தான் ஆயா பார்ப்பதைக் கவனித்தான்.

"யக்கா, சொல்லிராதீங்க. சொன்னா தள்ளிப்போட்டுருவாங்க. இவ மறுபடி கல்லாயிருவா."

"சரிப்பா, சொல்லல." மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

மயக்க மருந்து டாக்டர் பெனடிக்டா வந்தார். போன வாரத்து இசிஜியைப் புரட்டினார். நன்றாகவே இருந்தது. "வெறும் வயிறுதானே?"

"பச்சத்தண்ணி பல்லுல படல டாக்டர்," என்றான் வேலாயுதம். ஓமத்தண்ணி பச்சைத்தண்ணி இல்லையே.

டிராலியைத் தள்ளியவள் அன்னத்தாய். சிகிச்சை அறை வாசலில் அவள் கை நின்றுவிட்டது. "ஓமத்தண்ணி குடிச்சிருக்காங்கம்மா," என்றாள். பிறகு டாக்டரின் காதருகே இன்னொன்றும் சொன்னாள்.

டாக்டர் அங்கேயே இசிஜி எடுக்க வைத்தார். மாரடைப்பு தொடங்கியிருந்தது. அந்த நெஞ்சோடு மின்சாரம் வைத்திருந்தால் வடிவு பிழைத்திருப்பது கஷ்டம்.

"என் ஓமத்தண்ணிதான் நிப்பாட்டுச்சு," என்று வேலாயுதம் வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தான். நர்ஸுகள் டாக்டரைக் கைகாட்டினார்கள். வாக்குத் தவறிய அன்னத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

படித்தவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் வடிவைக் காப்பாற்றியது யார்?

விடை: அன்னத்தாய். ஓமத்தண்ணி மட்டும்தான் காரணமென்றால், வயிறு காலியானதும் மத்தியானமே டிராலி மறுபடி கிளம்பியிருக்கும். டாக்டர் கையில் இருந்ததோ பழைய இசிஜி. காதில் அவள் சொன்னது இதுதான்: "வாயுங்கறாங்க. ஆனா கை வயித்துல இல்லம்மா, இடது தோள்ல." சில வாரம் கழித்து, இதய டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது சிகிச்சை நடந்தது. கண் விழித்த வடிவு முதலில் பார்த்தது ஆயாவைத்தான்.

"தூங்கலையா?" என்றாள்.