புதர்ச்சிட்டு கறுத்த கதை

அந்தக் காலத்தில், கேட்டால் பதில் சொல்லத் தெரியாத உயிர் என்று மலையில் ஒன்றும் இல்லை. புதர்ச்சிட்டுகளில் ஆணும் பெண்ணும் ஒரே மண் நிறமாக இருந்தன.

உச்சி மலையில் ஜோகி எருமை மேய்த்தான். உறைபனியில் புல் கருகிப்போனால் தவிட்டுப்பழப் புதர்களுக்குத் தீ வைப்பான். சாம்பலில் புதுப்புல் முளைக்கும். ஆனால் தீ வைக்குமுன் புதரைச் சுற்றி நடந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். "குஞ்சு இருக்கு" என்று பதில் வந்தால் அந்தச் சரிவை அந்த வருஷம் தொடக் கூடாது. மலையில் எல்லோருக்கும் அதுதான் முறை.

அந்த வருஷம் எருமைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. கன்றுக்கே பால் போதவில்லை. "உங்க எருமைக்கு நம்ம வீட்டுப் பூனை எவ்வளவோ தேவலை" என்றாள் அவன் மனைவி மாதி. ஜோகிக்குச் சுருக்கென்றது. நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

முதல் தடவை கேட்டதும் முயல் வெளியே வந்தது. "இருக்கேன்ப்பா, கத்தாதே. எனக்குக் காது நீளம்தான். இதோ போறேன்" என்று ஓடியது. அடுத்த இரண்டு தடவையும் பதில் இல்லை. தீ வைத்தான்.

பாதிப் புதர் எரிந்த பிறகு ஒரு பெண் சிட்டு வீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு மேட்டிலிருந்து பறந்து வந்த ஆண் சிட்டு, அதை உதறிவிட்டு நேரே புகைக்குள் பாய்ந்தது. ஜோகி தன் போர்வையால் அடித்து அடித்துத் தீயை அணைத்தான். கடைசியில் ஆண் சிட்டு தத்தித் தத்தி வந்தது. உடம்பெல்லாம் கரி. மூன்று குஞ்சுகளில் ஒன்று மட்டும் அதன் சிறகோடு ஒட்டிக்கொண்டு துடித்தது.

"மூணு தடவை கேட்டேனேம்மா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் ஜோகி.

"ஆள் அரவம் கேட்டா மூச்சு விடாதேன்னு இவர்தான் சொல்லிட்டுப் போனார்" என்றது பெண் சிட்டு.

ஆண் சிட்டு குஞ்சைச் சிறகால் அணைத்துக்கொண்டது. பிறகு, "அவ மேல தப்பில்ல, ஜோகி. உன் மேலயும் இல்ல. ஒளிஞ்சிருந்தா பிழைச்சுக்கலாம்னு நான்தான் நினைச்சேன்" என்றது.

அன்று முதல்தான் ஆண் புதர்ச்சிட்டு கரி நிறமாக இருக்கிறது. சிறகில் குஞ்சு ஒட்டியிருந்த இடம் மட்டும் கரி படாமல் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. காலடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே போதும், அது புதரின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி, யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.