துளையில்லாத முத்து

வெகுகாலத்துக்கு முன்பு செம்மலை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குகிற ராஜா.

ஒருநாள் அவனுடைய முத்துமாலையை மூன்று வயது இளவரசி கோதைநாயகி அறுத்துவிட்டாள். இருபத்தேழு முத்தில் இருபத்தாறுதான் கிடைத்தது. மிச்சம் ஒன்றை அவள் விழுங்கியதைத் தாதி கண்ணால் பார்த்திருந்தாள்.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் கஷாயத்தோடு ஓடிவந்தார். "வாந்தி எடுக்க வைத்தால் வந்துவிடும், மகாராஜா!"

மந்திரி நல்லாண்டார் குறுக்கே வந்து நின்றார். மேலே வரும் முத்து மூச்சுக்குழலில் புகுந்தால் குழந்தை பிழைக்காதே! அவர் இளவரசிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார். மடக்கென்று குடித்தாள். இருமவில்லை, எச்சில் வடியவில்லை. கஷாயத்தைப் பார்த்து, "வேணாம் போ!" என்று அரண்மனை அதிரக் கத்தினாள்.

"முத்து தொண்டையைத் தாண்டிவிட்டது, மகாராஜா. வழவழப்பான உருண்டை. குழந்தை வழக்கம்போல் சாப்பிடட்டும். இரண்டு மூன்று நாளில் தானே வெளியே வரும். குழந்தை வெளிக்குப் போகும் சட்டியை மட்டும் தினமும் பார்க்கவேண்டும்," என்றார் மந்திரி.

"கஷாயம் வேண்டாம்," என்றான் ராஜா. "ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. நாளைக் காலை முத்தைக் கொண்டுவருபவர்தான் இனி மந்திரி!"

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த மருதவாணர், மறுநாள் வெள்ளித் தட்டில் ஒரு முத்தை நீட்டினார். "நானே தேடி எடுத்தேன்!"

பதவி போவது நல்லாண்டாருக்குப் பெரிதில்லை. இது வேறு முத்தானால், விழுங்கியது வயிற்றிலேயே இருக்க, குழந்தையை யாரும் கவனிக்கமாட்டார்களே! முத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வைத்தியரே, மாலையில் கோத்த முத்தாயிற்றே. துளை எங்கே?"

"அது... வயிற்றுச் சூட்டில் மூடிக்கொண்டது."

"அடடா! அப்படியென்றால் துளையை அடைக்க இளவரசி ஒரு நகைத் தட்டானையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள்." சபை சிரித்தது. "மருந்துப் பஸ்பத்துக்கு அரைக்கத் துளையிடாத முத்தாக வாங்கி வைப்பீரே, அதில் ஒன்று குறைகிறதோ?"

மருதவாணர் ராஜாவின் காலில் விழுந்தார்.

"எழுந்திரும்," என்றான் ராஜா. "முத்து வரும்வரை சட்டி உம் பொறுப்பு. வேறு யாரும் தொடக்கூடாது."

மூன்றாம் நாள் காலை, மூக்கில் துணி கட்டிய வைத்தியர், ஏழு தண்ணீரில் கழுவிய முத்தைக் கொண்டுவந்தார். துளை இருந்தது. எண்ணிப் பார்த்தார்கள், இருபத்தேழு.

"நல்லாண்டாரே, இந்த முத்தே உமக்குப் பரிசு!"

மந்திரி இரண்டடி பின்வாங்கினார். "பாடுபட்டவர் வைத்தியர், மகாராஜா. அவர் கழுத்துக்குத்தான் அது பொருத்தம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, அதைப் பொன்கயிற்றில் கோத்து மருதவாணருக்குத் தானே கட்டிவிட்டான். நல்லாண்டாருக்கு ஐந்து ஊர்களை எழுதிக்கொடுத்தான்; அதிசயமாக, மாலையில் அவற்றைப் பிடுங்கவும் இல்லை.

அன்றுமுதல் மருதவாணர் சபையில் பெருமை பேச வாயைத் திறந்தால் போதும், இளவரசி அவர் கழுத்தைக் காட்டி, "ஐ, என் முத்து!" என்பாள்.