ஒற்றைக்கால் யோசனை

காத்தாயி எருமைக்கு அன்று நடந்தது சுத்த அநியாயம். குளத்தில் அவளும் ஒற்றைக்காலில் நாரையும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றார்கள். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. நாரைக்குப் பட்டம் கிடைத்தது; அவளுக்கு வசவு கிடைத்தது.

பட்டம் கொடுத்தது கிளி. டவுனில் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக் கூண்டில் இருந்து தப்பி வந்த கிளி. அங்கே பொறுக்கிய சொற்களைக் காட்டுக்குள் ஆளுக்கொன்றாக மாட்டிவிடுவதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

"நாரையாரைப் பாருங்க, பென்சிவ்!" என்றது. சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பவரை எல்லாம் அப்படிச் சொல்லிவிட முடியாதாம். உள்ளே ஒரு யோசனை ஓட வேண்டும், முகத்தில் லேசாக ஒரு கவலை தெரிய வேண்டும், அதுதான் பென்சிவாம்.

"அப்போ காத்தாயி?" என்று கேட்டாள் தவளை.

"அவளா? மந்தம். அதுக்கு இங்கிலீஷ் வேற வேணுமா?"

குளமே சிரித்தது. காத்தாயியின் கவனம் தண்ணீரில் இருந்தது. அவள் காலடியில் தண்ணீர் வழக்கமில்லாத பக்கமாக இழுத்தது. கரையில் எங்கேயோ ஓட்டை. மேற்கு மூலையா, தாழம்புதர் அடியா? காலை மாற்றி மாற்றி வைத்து அவள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் பாதி இறங்கிவிட்டது. தவளையின் தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன. எல்லோரும் நாரையிடம் ஓடினார்கள். ஐயா இவ்வளவு நேரம் யோசித்தாரே, ஒரு வழி சொல்லட்டும் என்று கெஞ்சினார்கள்.

நாரை ஒரு கண்ணைத் திறந்தது. "அந்த விரால் மீன் எந்தப் பக்கம் போச்சு?"

அதற்குள் காத்தாயி தாழம்புதர் பக்கம் போய்விட்டாள். நண்டு வளை ஒன்று அரித்து அரித்து மடையாகவே திறந்திருந்தது. தன் பெரிய உடம்பை அதில் கொடுத்து அடைத்து உட்கார்ந்தாள்.

"நான் எழுந்திருக்க மாட்டேன். சேற்றை அள்ளிப் போடுங்க."

ஆமையும் நண்டுகளும் அள்ளிப் போட்டன. காத்தாயி தினமும் படுத்துப் படுத்துப் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. தவளை தன் பிள்ளைகளை அங்கே தள்ளிக்கொண்டு போனாள். பிழைத்துக்கொண்டன.

கிளி மெல்ல வந்து காத்தாயியின் கொம்பில் உட்கார்ந்தது. பென்சிவ் என்ற அந்தச் சொல் அவளுக்குத்தான் பொருத்தமாம், வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

காத்தாயி காதை ஆட்டினாள்.

"உன் சொல் நல்ல சொல்தான், கிளியே. நீ கொடுக்கிற லட்சணம்தான் சரியில்ல. ஒத்தக் கால்ல நின்னா யோசனை, நாலு கால்ல நின்னா மந்தமா? பேசாம நிக்கிறவங்ககிட்ட என்ன யோசிக்கிறீங்கன்னு முதல்ல கேளு, அப்புறம் பேர் வை."